அபூசாலியின் ஆணச்சட்டி

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். அதனால் குடிகாரனை மனைவி வெளியே அனுப்பினால் அவன் கதி அதோகதி. உம்மாவின் வீடு அதற்குள் தங்கச்சிக்குச் சீதனமாகப் போயிருக்கும். அப்படிப்பட்ட ஏழெட்டுப் பேருக்காக, ஆஸ்பத்திரியில் மருந்து கட்டி ஓய்வு பெற்ற றஊப் காக்கா எண்பத்திரண்டாம் ஆண்டில் சாய்ந்தமருதுக் கடற்கரையோரம் ஒரு வீடு எடுத்தார். நான் கஞ்சாவை விடுவதற்காக அங்கே போனவன். வீடு கட்டும் மேசன் அபூசாலி, கசிப்பு என்கிற கள்ளச்சாராயத்தை விடுவதற்காக வந்தான்.

முதல் கிழமை அவன் நடுங்கிய நடுக்கத்தில் கட்டிலே இடம் மாறியது. தேறியதும் சமைக்கும் முறை அவனுக்கு வந்தது. பிறந்ததிலிருந்து அடுப்படிக்குப் போகாத மனுசன். சோறு கஞ்சியாகி, சீனி போட்டுக் குடித்தோம்.

"சாந்து குழைச்சிருக்காய் மச்சான்" என்றேன்.

ரோசக்காரன். இரண்டு மாதத்தில் அவன் காய்ச்சிய மீன் ஆணத்துக்கு, அதுதான் மீன் குழம்புக்கு, நாங்கள் சண்டை பிடித்தோம்.

நாலு மாதம் முடிந்தால் மனைவி வந்து கூட்டிப் போக வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம். அவன் மனைவி றுகையா வரவில்லை. பள்ளிவாசல் படியில் நின்று மூன்று தடவை சத்தியம் செய்து மூன்றையும் முறித்தவனை யார்தான் நம்புவார்?

"இனி வாயால ஒண்டும் சொல்லமாட்டன்" என்றான் அபூசாலி. வெள்ளிக்கிழமை தோறும் ஒரு சட்டி ஆணம் காய்ச்சி, றஊப் காக்காவின் சைக்கிளில் றுகையாவுக்கு அனுப்பினான்.

சட்டி கழுவி, வெறுமையாகத் திரும்பி வந்தது. பண்டம் வந்த பாத்திரத்தை எங்கள் ஊரில் யாரும் வெறுமையாக அனுப்புவதில்லை. ஒரு பிடி சீனியாவது, இரண்டு முருங்கைக்காயாவது இருக்கும். ஆறு வெள்ளியும் ஒன்றுமில்லை. நான்தான் அவனிடம் சொன்னேன்.

"கல்லில நார் உரிக்காத மச்சான்."

"சட்டிய கழுவித்தானே அனுப்புறா. அப்ப திண்டிருக்கா."

ஏழாவது வெள்ளி சட்டியே வரவில்லை.

"கேட்டன். ஒண்டும் கதைக்காம உள்ளுக்குப் போயிட்டா" என்றார் றஊப் காக்கா.

அபூசாலி சாப்பிடவில்லை. அவன் கண் வாசலிலேயே இருந்தது. கசிப்பு விற்பவன் வளவு மூன்று வேலி தள்ளித்தான். எனக்குப் பயம் பிடித்தது. வாசலுக்குக் குறுக்கே பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டேன். அவன் என்னைத் தாண்டவில்லை.

காலையில் குடையோடு றுகையா வந்து நின்றாள். அவனைப் பார்க்காமல் வேலியைப் பார்த்துத்தான் கதைத்தாள்.

"ஏழு வெள்ளியும் உப்புக் கூடிப்போச்சு."

"சொல்லி அனுப்பியிருக்கலாமே புள்ள."

"ஆரிட்டச் சொல்ற? வீட்டுல நீங்க இருந்தாத்தானே சொல்லலாம்."

அபூசாலி வாசல்படியிலிருந்து இறங்கினான். "அப்ப... சட்டி?"

"என்ட அடுப்புல இருக்கு. வேணுமெண்டா வந்து எடுங்க."

கலியாண மாப்பிள்ளையைக் கொண்டுபோவது போல அவனை நடுவில் விட்டு எல்லோரும் போனோம். றஊப் காக்கா குடை பிடித்தார். அடுப்பில் சட்டி நிறைய றுகையா காய்ச்சிய ஆணம் இருந்தது. உண்மையைச் சொன்னால் அபூசாலியுடையதுதான் ருசி. அவள் வீட்டில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்ல எனக்கென்ன பைத்தியமா?

சாப்பிட்டு முடிந்ததும் அபூசாலி எழுந்து அந்தச் சட்டியைக் கழுவினான். கழுவி, றுகையாவின் அடுப்படியிலேயே கவிழ்த்து வைத்தான்.