டாலாவில் வெளியே வராத வௌவால்கள்

வியாழன், காலை ஒன்பது மணி. யாங்கூன் பான்சொடான் படகுத்துறையில் டாக்சியை விட்டு இறங்கும்போதே மழை. ஜனவரியில் இங்கே ஒரு சொட்டுக்கூட விழாது என்று சொல்லித்தான் என்னை வரவழைத்திருந்தார்கள். குளிர் பதினைந்து டிகிரி என்று டிரைவர் பெரிய சாவுச் செய்தி போலச் சொன்னார். நான் கோத்தகிரிக்காரன். இதைக் குளிர் என்றால் எங்கள் ஊர் ஆடுகூடச் சிரிக்கும்.

ஆற்றைக் கடக்கப் பத்து நிமிடம். எதிர்க்கரையான டாலாவில் என் சித்தப்பா மகள் செல்வி குடையோடு நின்றாள். சித்தப்பா தமிழர், சித்தி பர்மாக்காரர். செல்வி வீட்டிலேயே ரவிக்கை தைத்துப் பிழைக்கிறாள். அவள் வீட்டுக்கு ஒன்றரைக் கிலோமீட்டர். சைக்கிள் ரிக்‌ஷாவுக்கு இரண்டாயிரம் சாட். ஓட்டியவர் இரண்டு ஸ்வெட்டரும் கம்பளிக் குல்லாவும் போட்டிருந்தார்.

"அண்ணே, ரொம்பக் குளிருதா?"

"எனக்கு வேர்க்குது."

"அப்ப விசிறி கொண்டாறவா?" என்று சிரித்தாள்.

மர வீடு. மேலே தகரக் கூரை, அதற்கு அடியில் பலகை மச்சு. வீட்டிலேயே நல்ல இடம், ஜன்னலோரம், எனக்கு. மத்தியானம் தூங்கி எழுந்தால் திறந்து வைத்த பெட்டியில், புதுச் சட்டைமேல், கறுப்பாக அரிசி போலப் புழுக்கை. மச்சுக்கும் தகரத்துக்கும் நடுவில் வௌவால்கள் குடியிருந்தன. நான் கத்தியதில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். விருந்துக்கு வந்த இடத்தில் அப்படிக் கத்தக் கூடாது. கத்தினேன்.

செல்வி முகம் சுருங்கிவிட்டது. "நாளைக்கே ஓட்டையெல்லாம் அடைச்சிடலாம் அண்ணே" என்று ஆற்றுக்கு அந்தப் பக்கம் யாங்கூன் பசுந்தாங்கில் இருக்கும் தச்சருக்குப் போன் போட்டாள்.

வெள்ளி, மாலை நான்கு மணி. மழை விடவில்லை. தச்சர் ராஜு படகில் வந்து சேர்ந்தார்; இங்கே மரியாதைக்குக் 'கோ' சேர்த்து கோ ராஜு என்பார்கள். என் வயதுதான் இருக்கும். தாத்தா காலத்துத் தமிழ், நடுநடுவே பர்மியம். என்னை மரியாதையாக 'சயா' என்றார். ஏணி, பலகை, ஆணி எல்லாம் தயார் செய்துவிட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டார்.

"ஏன் உட்கார்ந்துட்டீங்க?"

"ஆறு மணிக்கு மேல அதுங்க இரை தேடப் போகும் சயா. போன பொறவு அடைக்கணும். உள்ள வச்சு அடைக்கக்கூடாது."

அவருக்கு ஏழரைப் படகு. மறுநாள் அவருக்கு வேறு வேலை. எனக்கு ஞாயிற்றுக்கிழமை விமானம். ஆகவே இன்றைக்கு அடைத்தால்தான் உண்டு.

ஆறு மணி. ஆறே கால். ஆறரை. கூரை விளிம்பையே மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றுகூட வெளியே வரவில்லை.

"மழைக்கு வேற இடம் போயிடுச்சு. அடிங்க பலகையை" என்றேன்.

"போனதை யார் பார்த்தா?"

"உள்ளே இருக்கிறதை மட்டும் யார் பார்த்தா? வேலையை முடிங்க, படகு போயிடும்."

கோ ராஜு சுத்தியலைக் கீழே வைத்தார். கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஏணியில் ஏறி, டார்ச் அடித்து, இடுக்கில் கைவிட்டார். இறங்கியபோது துண்டில் கட்டை விரல் அளவுக்கு ஒரு வௌவால். அசைவே இல்லை.

"செத்துப் போச்சு" என்றேன்.

"அப்ப எல்லாமே செத்திருக்கணும். உள்ள நூத்துக்கு மேல இருக்கு, எல்லாம் இப்படித்தான். பிடிங்க சயா. வெறுங்கை படக்கூடாது."

துண்டோடு என் கையில் திணித்தார். ஈரக் கல்லைப் பிடித்த மாதிரி இருந்தது. நான் பொறுமையில்லாமல் நின்றேன். சில நிமிடங்கள் போயிருக்கும், துண்டுக்குள் ஏதோ நடுங்கியது. போன் அதிர்வது போல, விடாமல். கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு ஏறியது. பிறகு வாயைத் திறந்து என்னைப் பார்த்துக் கீச்சென்று கத்தியது.

"உங்களை மாதிரியே கத்துது அண்ணே" என்றாள் செல்வி.

பா-அன் பக்கம் ஒரு குகையில் வௌவால் எரு மூட்டை கட்டும் வேலை பார்த்தவராம் கோ ராஜு. "மழையில பூச்சி பறக்காது. சோறு இல்லைன்னா இதுங்க உடம்பை அணைச்சுப் போட்டுடும். மூச்சு இருக்கிறதே தெரியாது. இந்த மாசத்துல இப்படி மழையும் குளிரும் அதுங்களுக்குப் புதுசு. நான் இப்ப ஒண்ணை எழுப்பினதே பாவம். நடுங்கி நடுங்கி ஒடம்புல இருந்த கொழுப்பு போச்சு."

அதைத் திரும்ப ஏறி வைத்துவிட்டு வந்தார். பலகை அடிக்கவில்லை. "வெயில் வந்தப்புறம் வாரேன்" என்று படகுக்கு ஓடினார். அன்று இரவு தலைமாட்டில் குடையை விரித்து வைத்துக்கொண்டு தூங்கினேன்.

சனி. காலையிலேயே நல்ல வெயில். மத்தியானம் சட்டை ஒட்டியது. மாலை ஐந்து மணிக்கு, பசுந்தாங்கில் கையிலிருந்த வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, கோ ராஜு வந்து நின்றார். ஆறு மணி ஐந்து நிமிடத்துக்குக் கூரை விளிம்பிலிருந்து ஒன்று விழுவது போல வந்து பறந்தது. பிறகு இரண்டு, பிறகு கொத்துக் கொத்தாக. எண்ண முடியவில்லை. மழைக்குப் பிறகு கிளம்பிய கொசுக் கூட்டத்துக்குள் புகுந்து புகுந்து திரும்பின.

"இப்ப அடைக்கவா சயா?"

"என்னைக் கேட்காதீங்க. அவ வீடு."

செல்வி யோசிக்கவே இல்லை. "ஓட்டை கிடக்கட்டும். அண்ணன் படுக்கிற இடத்துக்கு மேல மட்டும் மச்சுல ஒரு பலகை போடுங்க. அடுத்த வாட்டி வரும்போது கத்தக்கூடாதுல்ல."

ஞாயிறு, காலை. திரும்பும் படகில் செல்வி கட்டிக்கொடுத்த சோற்றுப் பொட்டலம் மடியில் சூடாக இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஐப்பசி அடைமழையில் கோத்தகிரியில் என் வீட்டுப் பரணில் வௌவால்களை விரட்ட இதே வேலையைச் செய்தேன். அங்கேயும் அந்தி நேரத்தில் ஒன்றும் வெளியே வரவில்லை. போய்விட்டன என்று சொல்லிக் கொத்தனாரைக் கொண்டு சிமெண்ட் பூசினேன். ஒரு வாரம் கழித்து நாற்றம் தாங்கவில்லை. செத்த எலியை உள்ளே வைத்துப் பூசிவிட்டான் என்று அந்தக் கொத்தனாரைத் தெருவில் நிற்க வைத்துத் திட்டினேன். எலி இல்லை சார் என்று அவர் எத்தனையோ முறை சொன்னார்.

டாலாவில் ஒரு தச்சர் என் பேச்சைக் கேட்காமல் சுத்தியலைக் கீழே வைத்தார். அதற்கு அவருக்கு நான் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஊருக்குப் போனதும் அந்தக் கொத்தனார் வீட்டுக்குப் போக வேண்டும். என்ன சொல்வது என்று தெரியும்.