சுண்ணாம்புக் கல்லுக்கு யார் தழை போட்டது?

எங்கள் ஊர் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் இருக்கிறது. எண்பதுகளின் தொடக்கத்தில் சிமெண்டு ஆலைக்காரர்கள் சுண்ணாம்புக் கல்லுக்காக நிலம் தேடி வந்தார்கள். ஆடு மேய்க்கத்தான் ஆகும் என்று கிடந்த பூமிக்கு யாரும் நினைத்துப் பார்க்காத விலை வந்தது. கூடவே ஒரு பேச்சும் வந்தது. நிலம் விற்று வரும் லாபத்துக்கு அரசாங்கம் வரி கேட்கப் போகிறதாம். டவுனை ஒட்டிய நிலத்துக்கு ஏற்கெனவே இருக்கிறதாம், இனி எங்கள் பக்கமும் வருமாம்.

ஊரே எதிர்த்தது. ஒரு சென்ட் நிலம் இல்லாத எங்கள் தெருவும் சேர்ந்து எதிர்த்ததுதான் வேடிக்கை. அடிபம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டே பக்கத்து வீட்டு மதினி சொன்னாள்.

"இன்னைக்கு நெலம்பாங்க. நாளைக்கு நான் ஆட்ட வித்துட்டு வந்தா அதுலயும் கைய வெப்பாங்க."

நின்றவர்கள் எல்லாரும் ஆமாம் போட்டார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆனால் நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்குப் பேச வராது. குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். என் மனசில் இருந்ததை அன்று இரவு சாப்பிடும்போது தம்பியிடம் மட்டும் சொன்னேன். அதுதான் வினையாகப் போயிற்று.

தம்பி பஸ் கண்டக்டர். பொங்கல் விழாக் குழுவில் இருந்தான். அந்த வருஷம் பட்டிமன்றத்துக்கு இந்த வரியையே தலைப்பாக வைத்திருந்தார்கள். வேண்டாம் என்று பேச ஆட்கள் அடித்துக்கொண்டார்கள். வேண்டும் என்று பேச ஒருவரும் வரவில்லை. என்னைக் கேட்காமலே தன் பெயரோடு என் பெயரையும் கொடுத்துவிட்டான்.

"வூட்ல பேசினதத்தான் மேடையில பேசப் போறக்கா."

"வூட்ல நான் பேசுறது சட்டிக்கும் பானைக்கும்டா."

"ஊரும் அப்படித்தான் ஒக்காந்திருக்கும். பயப்படாத."

பேச வராதது ஒரு பயம் என்றால், அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. எதிரணிக்குத் தலைமை, கல்லுப் பூமியை ஆலைக்கு விற்ற பெரியவர். எங்கள் தெருப் பெண்கள் பருத்தி எடுக்கப் போவது அவருடைய புன்செய்க் கொல்லைக்குத்தான். பருத்தி வெடித்துக் கிடந்த சமயம். அவர் முகம் சுளித்தால் அந்தப் பருவம் முழுக்க எனக்கு வேலை இல்லை. வீட்டுக்காரர் இறந்த பிறகு நானும் என் இரண்டு பெண்களும் அந்த வேலையை நம்பித்தான் இருந்தோம். பெயரை எடுத்துவிடச் சொன்னேன். நோட்டீஸ் அச்சடித்து ஒட்டியாயிற்று என்றான்.

மாட்டுப் பொங்கல் சாயங்காலம் பள்ளிக்கூடத்து மைதானம் நிறைந்துவிட்டது. அரியலூரிலிருந்து வந்த ஒரு தலைமை ஆசிரியர் நடுவர். பெரியவர் முதலில் பேசினார். அவருக்கு நல்ல பேச்சு.

"எங்கப்பா வாங்குனப்ப ரூபாய்க்கு இருந்த மதிப்பு இன்னைக்கு இருக்கா? வெல ஏறுனதெல்லாம் லாபம்னு எப்புடிச் சொல்றது? வித்த காசுல பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சா, தாலி கட்டுற நேரத்துக்கு வரிக்காரன் வந்து பந்தியில ஒக்காருவான். எல போட்டுத்தான் ஆவணும்."

கூட்டம் சிரித்து ஓய வெகுநேரம் ஆயிற்று. எங்கள் அணியில் முதலில் தம்பி எழுந்து ஏதேதோ சொன்னான். "டிக்கெட்டக் கிழிச்சுட்டு எறங்குய்யா" என்று யாரோ கத்த, அவனும் இறங்கிவிட்டான். பிறகு என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

மைக்கைப் பிடித்தேன். வாய் திறக்கவில்லை. "அம்மா, மைக்கு கடிக்காது" என்றார் நடுவர். அதற்கும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் அடிபம்பு மதினியும் இருந்தாள். அவளைப் பார்த்ததும், கூட்டத்தை விட்டுவிட்டு அவளிடம் மட்டும் பேசினால் என்ன என்று தோன்றியது.

"மதினி, ஒன் ஆட்டுக்கு யாரு தழ ஒடிச்சுப் போட்டா?"

"நாந்தான்" என்றாள் உட்கார்ந்த இடத்திலிருந்தே.

"மழையில நனையாம யாரு புடிச்சுக் கட்டினா?"

"நாந்தான். இது என்னடி கேள்வி?"

"அப்ப ஆட்டுல வர்றது ஒன் ஒழப்பு. அதுல யாரும் கைய வெக்கப்படாது. அந்தச் சுண்ணாம்புக் கல்லுக்கு யாரு தழ போட்டா? அது சும்மா கெடந்துச்சு. ஆல வந்துச்சு, ரோடு வந்துச்சு, வெல ஏறுச்சு."

யாரும் சிரிக்கவில்லை. பெரியவர் உட்கார்ந்தபடியே கேட்டார்.

"இத்தன வருசமா நெலத்துக்குக் கிஸ்தி கட்டுனது நான்தானே?"

"ஆமாங்கய்யா. ஒங்களுதுதான், இல்லன்னு சொல்லல. ஒங்க கொல்லையில பருத்தி எடுத்துட்டுக் கரைக்கு வந்தா கூலிக்குக் கூறு வெக்கிறீங்க. பருத்தி ஒங்களுது, வெத ஒங்களுது. ஆனாலும் எடுத்தவளுக்கு ஒரு கூறு தள்ளுறீங்க. அது நாயம்னுதான தள்ளுறீங்க? ஊரு நடுவுல ரோடு போட்ட சர்க்காருக்கும் அதேமாரி ஒரு கூறு. முழுசயும் கேக்கல."

சொல்லிவிட்டு இறங்கப் போனேன். முன்வரிசையிலிருந்து ஒரு சோடா மேடைக்கு வந்தது. பேச்சு பிடித்தால் சோடா அனுப்புவது எங்கள் ஊர் வழக்கம். அடுத்தது பெண்கள் பக்கத்திலிருந்து. பிறகு அங்கொன்று இங்கொன்று. என் முன்னால் மேசையில் இடம் இல்லாமல் கீழே வைத்தார்கள். நடுவர் இரண்டு பக்கமும் நியாயம் உண்டு என்று வழக்கம்போல் ஆரம்பித்தார். கூட்டம் விடவில்லை. வரி வேண்டும் என்ற கட்சிக்கே தீர்ப்புச் சொல்லி அமர்ந்தார். நேற்றுவரை அந்த வரியைத் திட்டிய தெரு கைதட்டியது. மதினி விசில் அடித்ததை அன்றுதான் கேட்டேன்.

மறுநாள் காணும் பொங்கல் என்றாலும் வெடித்த பருத்தி காத்திருக்காது. காலையில் வேலைக்கு ஆள் சொல்லப் பெரியவர் வீட்டிலிருந்து வருகிறவர் எங்கள் தெருவுக்கு வந்தார். எல்லா வாசலிலும் நின்றார். என் வாசலில் நிற்கவில்லை. அரிசிப் பானையைப் பார்த்தேன். பிறகு பருத்தி எடுத்துப் போடும் மடிச்சீலையை எடுத்துக் கட்டிக்கொண்டு, சொல்லாமலே போய்க் கொல்லையில் இறங்கிவிட்டேன். அழைக்காத இடத்துக்கு அதற்கு முன் நான் போனதே இல்லை.

பெரியவர் வரப்பில் நின்றிருந்தார்.

"ஒன்ன யாரு வரச் சொன்னா?"

"யாரும் வர வேணாம்னு சொல்லலீங்களே."

வரிசையாகக் குனிந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் நிமிர்ந்துவிட்டார்கள். அவர் அவர்களைக் குனியச் சொல்லிக் கையை ஆட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"எங்கூட்டுக்காரியே ராத்திரி ஒனக்கு சோடா அனுப்பியிருக்கா. இன்னிக்குக் காலையில எனக்குக் காப்பியில சக்கரையே போடல. போ, போயி எடு."

சாயங்காலம் கரையில் கூறு வைத்தார். எனக்குத் தள்ளிய குவியல்மேல் இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டு, "இது நேத்து ஜெயிச்சதுக்கு" என்றார்.

நான் அதைத் தொடவில்லை.

"எனக்கு மட்டும் வேணாங்கய்யா. போட்டா எல்லாருக்கும் ஒரு கை போடுங்க."

குரல் நடுங்கவில்லை. எனக்கே அது வேறு யாருடைய குரலோ என்றிருந்தது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். வரிசையாகக் கிடந்த குவியல்களை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குனிந்து, மதினியின் குவியலிலிருந்து ஆரம்பித்தார்.