மேசன் மாற்றாத செக்

சூறாவளி பிய்த்துப்போட்ட எங்கள் கல்முனை வீட்டுக் கூரையை மேசன் கந்தையாதான் சீராக்கினார். கூலிக்குச் செக் எழுதிக் கொடுத்தேன். மூன்று மாதமாகியும் அவர் அதை மாற்றவில்லை. எனக்குத் தெரியும். ஏனென்று கேட்காமல், அந்தக் காசுக்கும் என் கடைக்குச் சரக்கு வாங்கிவிட்டேன்.

பிறகு அவர் காய்ச்சலில் இறந்ததாகக் கேள்விப்பட்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி செக்கை நீட்டினார்.

“பேர் பிழையெண்டு பேங்கில திருப்பிட்டாங்க, முதலாளி. ஒங்களிட்டக் கேக்கச் சொன்னன். வெக்கமெண்டு வெச்சிருந்தார். மருந்துக்கும் காசில்ல.”

கந்தசாமி என்று எழுதியிருந்தேன். பத்து நாள் வேலை செய்தவரிடம் பெயரைக்கூட நான் சரியாகக் கேட்கவில்லை.

மறுநாள் காசைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“நீங்க நல்ல மனிசனெண்டுதான் அவர் எப்பவும் சொல்லுவார்” என்றார்.

செக் மாறாதது தெரிந்தே சும்மா இருந்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அல்லாஹ்விடம் மட்டுமே சொல்லி அழுதிருக்கிறேன்.