பானுப்ரியா தேறிவிட்டாள்

பக்கத்து ஊரான சேத்துப்பட்டில் ஊனமுற்றோர் முகாம் என்று தெரிந்த அன்றே குணசுந்தரி மகளைப் பரீட்சைக்குத் தயார் செய்யத் தொடங்கிவிட்டாள். அங்கே சான்றிதழ் கொடுக்கும் டாக்டர், மரப்பலகையில் பத்துக் கட்டைகளைப் பொருத்தச் சொல்லிப் பார்ப்பார் என்று நர்ஸம்மா சொல்லியிருந்தாள். ஆரணியில் பட்டுத் தறி ஓடும் வீட்டில், புடவையில் பூ விழத் தறியில் கோக்கும் ஜக்கார்டு அட்டைக்கா பஞ்சம்? பழைய அட்டைகளில் வட்டம், சதுரம், நட்சத்திரம் என்று வெட்டியெடுத்து, வெட்டிய ஓட்டையிலேயே திரும்ப வைக்கப் பழக்கினாள்.

பானுப்ரியாவுக்கு எட்டு வயது. பேச்சு இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டாள். தறியில் நாடா ஓடும் சத்தம் நின்றுவிட்டால் மட்டும் வீடே அதிர அலறுவாள். ஒன்றாம் வகுப்பில் மூன்று வாரம் வைத்திருந்துவிட்டு, மற்ற பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்று அனுப்பிவிட்டார்கள். சென்னையில் ஒரு டாக்டர்தான் ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்தார். வேலூரில் இதற்கென்று ஒரு பயிற்சிப் பள்ளி இருந்தது. இடமும் இருந்தது. ஆனால் அரசாங்கச் சான்றிதழ் இல்லாமல் சேர்க்கமாட்டார்கள்.

முதல் மாதம் பானு அட்டையைக் கடித்துத் தின்றாள். அடுத்த மாதம் விசிறி எறிந்தாள். மூன்றாவது மாதம் ஒரு நாள் பத்தையும் மளமளவென்று பொருத்திவிட்டு, ஒவ்வொன்றையும் விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"உன்ன விட ஜல்தியா வைக்குதுடி," என்றான் தறியில் இருந்த அவள் புருஷன் தணிகாசலம். கையை நிறுத்தாமல்தான் சொன்னான். நிறுத்தினால் மகள் கத்துவாள்.

முகாம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. 2002ஆம் வருஷத்து ஆடி மாதம். டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி பலகையை நகர்த்தினார். பானு அவர் முகத்தைப் பார்க்கவில்லை, பலகையைப் பார்த்தாள். அவர் இரண்டாம் முறை மூச்சுவிடுவதற்குள் பத்துக் கட்டையும் உள்ளே போய்விட்டன.

"கெட்டிக்காரப் பொண்ணு," என்றார் டாக்டர்.

குணசுந்தரிக்குக் கண் நிறைந்துவிட்டது. "பாஸ் ஆயிட்டாளுங்களா?"

"ஆயிட்டா. அதனாலதாம்மா சான்றிதழ் தர முடியாது."

அவளுக்குப் புரியவில்லை. சிரித்த முகத்தோடே நின்றாள்.

"இந்தப் பாரத்துல மனவளர்ச்சிக் குறைவுன்னுதான் கட்டம் இருக்கு. இவ புத்தி அளவு அதுக்கு மேல வருது."

"மெட்ராஸ் டாக்டர் எழுதிக் குடுத்திருக்காருங்களே!"

"டெல்லியில போட்ட புதுச் சட்டத்துல ஆட்டிசம்ங்கற பேரு இருக்கு. எனக்கு அனுப்பின பாரத்துல இல்ல. நான் எங்கம்மா எழுதறது?"

சிரிப்பு எப்போது முகத்திலிருந்து விழுந்தது என்று அவளுக்கே தெரியாது. மண்டப வாசல் வரை நடந்ததும் நினைவில்லை. அங்கே மகனை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த, சந்தவாசல் ஊரிலிருந்து வந்த கெங்கம்மாள் கதையைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏண்டி, இங்க வந்து எவளாவது புள்ளைய பாஸ் பண்ண வைப்பாளா? நல்லா படிக்க வெச்சுகினு வந்தா பாரு! போய் எல்லாத்தையும் மறக்கடி. மாசியில போளூர்ல முகாம் வருது."

மறக்கடிப்பது என்றால் எப்படி? குணசுந்தரி அட்டைகளை அடுப்பில் போட்டாள். பானு வாசற்கதவு இடுக்கில் கல்லைப் பொருத்தினாள், தட்டுக்குள் தட்டைப் பொருத்தினாள். சரி, தப்பாக வைக்கவாவது பழக்குவோம் என்று புது அட்டை வெட்டி, நட்சத்திரத்தை வட்டத்தின் மேல் வைத்துக் காட்டினாள். பானு வீறிட்டு அதைப் பிடுங்கி அதன் இடத்தில் வைத்தாள். மறுபடி மாற்றினால் மறுபடி வீறிட்டாள். ஏழு மாதத்தில் அந்தக் குழந்தைக்குத் தப்பு செய்ய மட்டும் வரவே இல்லை.

போளூரில் வேறு டாக்டர். பலகை அதேதான். அவர் அதை நகர்த்தியதும் பானுவின் கை நீண்டது. குணசுந்தரி அந்தக் கையை எட்டிப் பிடித்தாள். இன்னொரு கையையும் பிடித்தாள். எதற்காகப் பிடித்தோம் என்று பிடித்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

"பயப்படுதுங்க," என்றாள். குரல் அவளுடையதாக இல்லை.

பானு கத்தினாள். எட்டு வயது உடம்பு முழுக்கப் பலகையை நோக்கித் துள்ளியது. தன் தோளையே கடித்துக்கொண்டாள். வரிசையில் நின்றவர்கள் விலகி நின்றார்கள். டாக்டர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குனிந்து, மனவளர்ச்சிக் குறைவு என்ற கட்டத்தில் எழுத ஆரம்பித்தார்.

பிடி தளர்ந்தது. குழந்தையின் மணிக்கட்டில் வளையல் பதிந்த தடம் சிவந்திருந்தது. அழுகை அடங்காமலே பானு பலகையை இழுத்தாள். வட்டம் போனது. சதுரம் போனது. டாக்டர் இன்னும் சதவீதம் எழுதவில்லை, முத்திரை குத்தவில்லை. ஏழாவது கட்டை, எட்டாவது கட்டை.

குணசுந்தரி முந்தானையை விரித்து, டாக்டருக்கும் மகளுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள்.