ஷேர் ஆபீசுக்கு எழுதின மொய்

வைரக்கண்ணுவுக்குக் கம்பெனி என்கிற வார்த்தையே ஆகாது. எல்லாம் தம்பி அன்பரசனால் வந்தது. அவர்கள் ஊர் ஒரத்தநாட்டுக்குத் தெற்கே. இருபது வருஷத்துக்கு முன்னால் தேக்கு மரத்தில் பணம் போடச் சொல்கிற கம்பெனி ஒன்று அங்கே வந்தது. வந்தவர்கள் தாங்களாக ஒரு வீட்டுப் படியும் ஏறவில்லை. பத்தாவது முடித்துவிட்டுச் சும்மா திரிந்த அன்பரசனுக்கு ஒரு தோள்பையை மாட்டிவிட்டு அனுப்பினார்கள். நம்ம வீட்டுப் பிள்ளை கேட்கிறான் என்று ஊரே பணம் கொடுத்தது. ஒரு நாள் கம்பெனி பூட்டிக் கிடந்தது. கம்பெனிக்காரன் முகம் யாருக்குத் தெரியும்? தெரிந்த முகம் அன்பரசனுடையதுதான். அவன் திருப்பூருக்குப் போனவன், இன்னும் ஊர்த் திருவிழாவுக்கு வந்து நிற்க முடியவில்லை. ஊர் அவனைத் திட்டியதில்கூட வைரக்கண்ணுவுக்குக் கோபமில்லை. பையை மாட்டிவிட்டவனை ஒருத்தரும் திட்டவில்லையே, அதுதான் இன்றுவரை ஆறவில்லை.

அதனால், தஞ்சாவூர்க் காலேஜில் எம்.பி.ஏ. படிக்கிற மகள் எழில்மொழி, ஷேர் ஆபீஸ் ஒன்றில் இரண்டு மாசம் இன்டர்ன்ஷிப் போகப்போகிறேன் என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "பை குடுத்தானுவளா?"

கொடுத்திருந்தார்கள். கழுத்தில் தொங்கவிட அட்டையும் கொடுத்திருந்தார்கள்.

எழில்மொழியைப் பற்றிச் சொல்லவேண்டும். ஊருக்கே போன் பார்த்துச் சொல்கிறவள் அவள். பள்ளிக்கூடம் போகிற காலத்திலேயே தொடங்கியது. கேஸ் சிலிண்டர் பதிய, பயிர் இன்சூரன்ஸ் வந்ததா என்று பார்க்க, நூறுநாள் வேலைக் கூலி ஏறியதா என்று பார்க்க, நெல் கொள்முதல் நிலையத்தில் டோக்கன் என்றைக்கு என்று பார்க்க, எல்லாரும் போனை அவள் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்துகொள்வார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் இடது கையால் வாங்கிப் பார்த்துச் சொல்வாள். வாய் கொஞ்சம் நீளம். ஒரே கேள்வியை மூன்றாம் தடவை கேட்கிறவரிடம், "மாமா, அடுத்த தடவை கேட்டா டிக்கெட் போடுவேன்" என்பாள். அதையும் சிரித்துக்கொண்டு வாங்கிக்கொள்வார்கள்.

வைரக்கண்ணுவுக்கு வைக்கோல் வியாபாரம். அறுத்த வயலில் மெஷின் சுருட்டிப் போடுகிற கட்டுகளை வாங்கி, லாரி ஏற்றி நாமக்கல் பக்கம் அனுப்புவார். கட்டு மேலே சலசலவென்று காய்ந்திருக்கும், கையை உள்ளே விட்டால் ஈரம் இருக்கும். அப்படி ஏமாந்து ஏமாந்து, எதிலும் கையை உள்ளே விட்டுப் பார்க்காமல் நம்பாத மனுஷராகிப் போனார். ஷேர் ஆபீசையும் அப்படிப் பார்த்துவிடலாம் என்று, மகளுக்குச் சாப்பாடு கொண்டுபோகிற சாக்கில் ஒரு நாள் போனார்.

கண்ணாடிக் கதவு, ஏசி, சுவரில் சிவப்பும் பச்சையுமாக ஓடுகிற எண்கள். சரக்கு என்று கண்ணில் பட ஒன்றும் இல்லை. மேனேஜர் சாய்ராமுக்கு முப்பது வயசிருக்கும். எழுந்து நின்று கும்பிட்டான், டீ வரவழைத்தான், வார்த்தைக்கு வார்த்தை சார் போட்டான். தன்னைச் சார் என்றவர்கள் யாரும் வெறுங்கையோடு போனதில்லை என்பதால் வைரக்கண்ணு டீயைத் தொடவில்லை.

"உங்க பொண்ணுக்கு ஊர்ல நல்ல பேரு சார். அந்த மாதிரி ஆளுங்கதான் எங்களுக்கு வேணும்" என்றான் சாய்ராம்.

அவருக்குச் சுருக்கென்றது. படிப்பை அல்லவா பார்க்கவேண்டும், ஊரில் உள்ள பேரை எதற்குப் பார்க்கிறான்?

வீட்டில் மகளைக் குடைந்தார். அவள் ஒளிக்கவில்லை. ஆள் பிடித்து ஷேர் கணக்குத் திறந்து கொடுக்கவேண்டுமாம், அப்போதுதான் சர்டிபிகேட். சர்டிபிகேட் இல்லாவிட்டால் காலேஜில் மார்க் இல்லை. ஊரில் பாதிப் பேருக்குத் திறந்தாயிற்று. வெறும் கணக்குதான், ஒரு பைசா போடவேண்டாம் என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்லித்தான் திறந்தாளாம். அவர் நம்பவில்லை. "பெத்த புள்ளைய என்ன போலீஸ் ஸ்டேஷன்ல விசாரிக்கிற மாதிரி" என்று சம்சாரம் மலர்க்கொடி தட்டை நகர்த்தி வைத்தாள்.

அதற்குப் பிறகு டவுனுக்கு வரும்போதெல்லாம் ஆபீசுக்கு எதிர்த்த டீக்கடையில் உட்கார்ந்து, யார் போகிறார்கள், யார் வருகிறார்கள் என்று பார்க்க ஆரம்பித்தார். எழில்மொழி காலேஜுக்குப் போயிருந்த ஒரு நாள், பஸ்ஸிலிருந்து செவ்வந்தி இறங்கினாள். அவருடைய சித்தப்பா மகள். ஒன்றரை மா நிலம், தனி ஆள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு உள்ளே போனாள். வெளியே வரும்போது வைரக்கண்ணு வழியில் நின்றார்.

முதலில் மழுப்பினாள். பிறகு சொன்னாள்.

"வெறுங்கணக்கு போதும்னுதான் புள்ள சொல்லிச்சுண்ணே. வெறுங்கவர்ல யாராச்சும் மொய் வப்பாங்களா? இத்தன வருஷமா போன் பாத்துக் குடுக்குது. அதுக்குன்னு ஒண்ணு வரும்போது செய்ய வேணாமா? நெல்லு போட்ட காசுல கொஞ்சம் போட்டேன். நம்ம தெருவே போட்டிருக்கு."

போட்ட பணம் சும்மா இருக்கவில்லை. சாய்ராம் ஒவ்வொருத்தருக்கும் போன் செய்து, இதை வாங்கட்டுமா, அதை விற்கட்டுமா என்று கேட்டிருக்கிறான். நம்ம எழில் பாப்பா ஆபீஸ்தானே என்று எல்லாரும் சரிங்க தம்பி, சரிங்க தம்பி என்றிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் ஆபீசுக்குப் போன கமிஷனும் நஷ்டமும் போக, இப்போது பாதிதான் மிச்சம். கேட்கப் போன செவ்வந்திக்கு அவள் சரி சொன்ன குரலையே பதிவிலிருந்து போட்டுக் காட்டியிருக்கிறான்.

"புள்ளைகிட்ட சொல்லிடாதண்ணே. வச்ச மொய்ய சொல்லிக் காட்டுன மாதிரி ஆயிடும்."

வைரக்கண்ணு சொல்லாமல் இருப்பாரா? வீட்டுக்கு வந்ததும் மகளை எதிரே உட்காரவைத்தார். தெரிந்து செய்தாயா, தெரியாமல் செய்தாயா, ஒன்றைச் சொல் என்றார். எழில்மொழி எழுந்து, செவ்வந்தி அத்தை போனை வாங்கிப் பார்க்கப் போனாள். திரும்பி வந்தவள் முகத்தைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துபோனது, இவளுக்குத் தெரியாது. அதுவரை மகளைச் சந்தேகப்பட்டதற்கு என்ன செய்வதென்று தெரியாமல் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார்.

மறுநாள் அவள் ஆபீசில் சண்டை போட்டாள். எல்லாவற்றையும் விற்றுக் கணக்கை மூடுங்கள் என்றாள். கணக்கு வைத்திருக்கிறவர்கள் கேட்டால் மூடலாம், நீ யார் கேட்க என்றான் சாய்ராம். இந்த வருஷத்திலேயே நல்ல இன்டர்ன் நீதான், சர்டிபிகேட்டைக் கெடுத்துக்கொள்ளாதே என்றும் சொன்னானாம். அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு ஊருக்கு வந்து, வீடு வீடாகப் போனாள். ஒருத்தரும் கேட்கவில்லை. செய்ததைத் திரும்ப வாங்குகிற குடும்பமா எங்களுது என்றார்கள். எங்க மொய் உனக்குக் கசக்குதா என்று செவ்வந்தி கண் கலங்கினாளாம்.

விளக்கு வைத்த நேரத்துக்கு வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள். இருக்கிற பாதியாவது இன்றைக்கோ நாளைக்கோ எடுத்தால்தான் உண்டு, அவன் இன்னும் போன் செய்துகொண்டேதான் இருக்கிறான் என்றாள். வைரக்கண்ணு துண்டை உதறித் தோளில் போட்டார். சாய்ராமை இப்போதே போய் இழுத்துவருகிறேன் என்றார்.

"அங்க போவேணாம்ப்பா. மொய் எழுதுனா உங்க பேர்லதான எழுதுவாங்க. நீங்க வேணாம்னாத்தான் எடுத்துக்குவாங்க, நான் சொன்னா கோவிச்சுக்கிறாங்க. காலைல ஒம்பதேகாலுக்கு மார்க்கெட் தொறந்துடும், அதுக்குள்ள எல்லா வீட்டுக்கும் எங்கூட வாங்க. யாரையும் திட்டாதீங்க. எங்க வீட்டு விசேஷம் இன்னும் வரல, வர்றப்ப நானே வந்து பாக்கு வச்சு அழைக்கிறேன், அப்ப செய்யுங்கன்னு மட்டும் சொல்லுங்க."