நான்காவது டிக்கெட்

போன வருடம், பள்ளிக்கூடங்களுக்கு முழு ஆண்டு விடுமுறை விடுவதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது இது. நாங்கள் ஓசூரில் மூக்கண்டப்பள்ளியில் குடியிருக்கிறோம். எனக்குச் சொந்த ஊர் விருதுநகர்ப் பக்கம். இங்கே வண்டி உதிரி பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. மனைவி ராயக்கோட்டைப் பெண். அப்போது எங்களுக்கு இரண்டாம் வகுப்புப் படிக்கிற மகள், மூன்றரை வயது தாண்டிய ஒரு மகன்.

கதை சிங்கப்பூரில் தொடங்குகிறது. நான் போய் வந்த சிங்கப்பூர் இல்லை. என்னோடு வேலை பார்க்கிற ஒருவர் குடும்பத்தோடு போய்வந்து, கேன்டீனில் வைத்து போட்டோ காட்டிய சிங்கப்பூர். அங்கே ஒரு தீவில் பெரிய தீம் பார்க் இருக்கிறதாம். அவருடைய மகள் ஒரு கோட்டைக்கு முன்னால் வாயெல்லாம் பல்லாக நிற்கிறாள். அந்த இடத்தில் என் மகளை நிறுத்திப் பார்த்தேன். அவ்வளவுதான், ஆசை வந்து உட்கார்ந்துவிட்டது.

வீட்டில் சொன்னதும் மகள் குதித்தாள். மகனும் எதற்கென்று தெரியாமலே கூடக் குதித்தான். மனைவி மட்டும் சிரித்துக்கொண்டே, "நம்மளால முடியுமாங்க?" என்று கேட்டாள். முடியும் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எப்படி என்று யோசித்தேன்.

எங்கள் கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு. எந்த வேலையை எடுத்தாலும் அதில் வீண் எது, தேவை எது என்று ஒரு சார்ட்டில் எழுத வேண்டும். வீணானதை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வர வேண்டும். நான் அதில் கில்லாடி என்று பேர் வாங்கியவன். நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்த ஒரு உற்பத்தி லைனை மூன்று பேர் போதும் என்று மாற்றிக் காட்டியதற்காக என்னை மேடையில் ஏற்றிக் கைதட்டி ஒரு ஹாட் பாக்ஸ் கொடுத்தார்கள். அந்த நாலாவது ஆள் பாகலூரில் இருந்து பஸ்ஸில் வருகிற கான்ட்ராக்ட் தொழிலாளி. அடுத்த வாரத்தில் இருந்து அவரைப் பார்க்கவில்லை. எங்கே போனார் என்று நானும் கேட்கவில்லை. ஹாட் பாக்ஸ் மட்டும் எங்கள் அடுக்களையில் பளபளவென்று இருந்தது.

அதே வித்தையை வீட்டிலும் காட்டினேன். அடுக்களைச் சுவரில் ஒரு சார்ட் ஒட்டினேன். பார்க்குக்குப் பக்கத்தில் இருக்கிற ஓட்டல் வீண், அடித்தேன். லிட்டில் இந்தியாப் பக்கம் சின்ன லாட்ஜ் போதும். பெட்டி வீண், கைப்பைகள் போதும். மூன்று வேளைச் சாப்பாட்டில் இரண்டு வேளைக்குப் புளிக்காய்ச்சலும் வறுத்த ரவையும் இங்கிருந்தே போகும். ஆறு நாள் நாலு நாளானது. வருடத்துக்கு ஒரு தடவை கம்பெனியைப் பராமரிப்புக்காக ஒரு வாரம் மூடுவார்கள், அந்த வாரத்தில் போனால் லீவும் மிச்சம். நாலு வயது ஆகாத பிள்ளைக்கு அந்தப் பார்க்கில் டிக்கெட் கிடையாது என்று தெரிந்தபோது நான் அடைந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல. மகனுக்கு நாலு முடிவதற்குள் போய்விட வேண்டும் என்று சிவப்பு மையில் எழுதினேன்.

மகளுக்காக வாசல் கதவு நிலையில் ஒரு கோடும் போட்டேன். அந்த உயரம் இருந்தால்தான் பாதி ராட்டினங்களில் ஏற்றுவார்கள். தினமும் காலையில் அவள் அந்தக் கோட்டுக்குக் கீழே போய் நின்றுகொள்வாள். குதிகாலைத் தூக்காதே என்று நான் அதட்டுவேன்.

இவ்வளவு அடித்தும் கணக்கு முட்டியது. ஒருநாள் காலையில் சார்ட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன். விமான டிக்கெட், பார்க் டிக்கெட், விசா, இன்னும் எடுக்கவே எடுக்காத பாஸ்போர்ட், எல்லாமாக அதிகம் இழுத்தது ஒரே ஒரு ஆளின் வரிதான். பிள்ளைகளுக்கும் எனக்கும் பாஸ்போர்ட் வந்தாயிற்று. மனைவிக்கு இன்னும் விண்ணப்பிக்கவே இல்லை. பேனாவை எடுத்து, ஆட்கள் என்ற இடத்தில் 4 என்பதை அடித்து 3 என்று எழுதினேன்.

மனைவி தோசைக்கல்லில் மாவை ஊற்றியபடி அதைப் பார்த்தாள். "இந்த ஒரு தடவைதான். பிள்ளைங்க பாக்கணும்னுதானே போறோம்" என்றேன். "ஆமாங்க. எனக்கு இன்னா இருக்குது அங்க" என்று தோசையைத் திருப்பினாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அல்லது நான் பார்க்கவில்லை. வாக்குவாதம் இல்லாமல் முடிந்ததே என்று நிம்மதியாக ஷிஃப்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

அதற்குப் பிறகும் அவள் பிள்ளைகளோடு உட்கார்ந்து அந்தப் பார்க்கின் வீடியோக்களைத் தினமும் போனில் பார்த்தாள். எந்த ராட்டினத்துக்குப் பக்கத்தில் எது இருக்கிறது, எங்கே நிழல், எங்கே குடிக்கத் தண்ணீர் என்று எல்லாம் அவளுக்குத் தெரியும். எங்களுக்குச் சொல்லி அனுப்பத்தான் படித்து வைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கம்பெனியில் எதையும் நேராக ஆரம்பிக்க மாட்டோம். முதலில் ஒரு ட்ரையல் பார்ப்போம். அதனால் டிக்கெட் போடுவதற்கு முன், எல்லையைத் தாண்டிக் கர்நாடகப் பக்கம் இருக்கிற ஒரு பார்க்குக்குப் பிள்ளைகளோடு நான் மட்டும் போய் வருவது என்று முடிவு செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மனைவி அந்த ஹாட் பாக்ஸில் புளிசாதம் கட்டி, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து ஏற்றிவிட்டாள். பஸ் முனையில் திரும்பி மறைகிற வரைக்கும் அங்கேயே நின்றாள்.

பார்க்கில் வாசலிலேயே ஹாட் பாக்ஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள், வெளிச் சாப்பாடு உள்ளே கூடாதாம். சரி என்று உள்ளே போனோம். மகள் நேராகப் பெரிய ராட்டினத்துக்கு ஓடி, அளவுக் கம்பில் முதுகை ஒட்டி நின்றாள். உயரம் சரியாக இருந்தது. எனக்கே பெருமையாக இருந்தது. ஆனால் அங்கே நின்றவர் கம்பில் இருந்த இன்னொரு வரியைக் காட்டினார். அந்த உயரத்துப் பிள்ளைகள் பெரியவர் ஒருவரோடுதான் ஏற வேண்டும். மகன் ஏறவே கூடாது. அப்படியானால் மகனை யாரிடம் விடுவது?

ஒரு நூல் அளவு பிசகினாலும் கண்டுபிடிக்கிற இன்ஸ்பெக்டர் நான். துணைக்கு ஒரு பெரியவர் என்ற அந்த வரியை எத்தனை வீடியோக்களில் தாண்டிப் போயிருப்பேன்.

அடுத்த இடத்திலும் அதே கதை. அதற்கடுத்த இடத்திலும். மூன்று பேரும் சேர்ந்து ஏற முடிந்தது குதிரை ராட்டினத்தில் மட்டும்தான். அதிலேயே நாலு தடவை சுற்றினோம். ஐந்தாவது தடவை மகள் வரமாட்டேன் என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். மகன் தூக்கத்துக்கு அழ ஆரம்பித்தான். அவனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருக்கும்போது, மகள் மெதுவாக என் சட்டையை இழுத்து, பாத்ரூம் போக வேண்டும் என்றாள்.

பெண்கள் பக்கம் நான் போக முடியாது. ஆண்கள் பக்கம் அவள் வரமாட்டாள். தனியாகப் போகச் சொன்னால் உள்ளே நிற்கிற கூட்டத்தைப் பார்த்துப் பயந்து என் காலைக் கட்டிக்கொண்டாள். தோளில் ஒன்று, காலில் ஒன்று. என்ன செய்வதென்று தெரியாமல் வாசலில் நின்றது இப்போதும் எனக்கு நினைவிருக்கிறது.

எதிர்ப் பெஞ்சில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். அவரைச் சுற்றி ஏழெட்டுப் பைகள், செருப்புகள், தண்ணீர் பாட்டில்கள். குடும்பத்தார் எல்லாம் ராட்டினத்தில் ஏறப் போயிருக்க, இவர் காவலுக்கு. எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தவர் எழுந்து வந்தார். பைகளைப் பார்த்துக்கொள்ளும்படி எனக்குக் கையைக் காட்டிவிட்டு, கன்னடத்தில் ஏதோ செல்லமாகச் சொல்லி மகளின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார்.

திரும்பி வந்தபோது மகளின் முகம் கழுவியிருந்தது. காலையில் அவள் அம்மா பின்னிவிட்டு, நான் அவிழவிட்ட சடை திரும்பவும் இறுக்கமாகப் பின்னியிருந்தது. அந்த அம்மா மகளின் தலையைத் தடவிக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி குரலைத் தாழ்த்தி, "தாயி இல்லவா?" என்று கேட்டார். தாய் இல்லையா என்று. இவ்வளவு வருடம் இந்தப் பக்கத்தில் இருந்ததில் எனக்குக் கன்னடம் நன்றாகவே புரியும். அவர் கண்களில் இருந்த இரக்கம் அதைவிட நன்றாகப் புரிந்தது.

நான் வாய் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடி அவளுக்கும் கன்னடம் வரும். "அம்மா மனேலி இத்தாரெ" என்றாள். அம்மா வீட்டில் இருக்கிறார். அதோடு விட்டிருக்கலாம். அவளுக்குத் தெரிந்த காரணத்தையும் தமிழில் சொன்னாள்.

"அப்பாதான் அம்மாவை லிஸ்ட்ல இருந்து எடுத்துட்டாரு."

புகாராகக்கூடச் சொல்லவில்லை. மழை பெய்தது என்பது போலச் சொன்னாள். எனக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாமா என்று இருந்தது.

அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. தன் பைகளைக் காட்டி, பாதித் தமிழும் பாதிக் கன்னடமுமாகச் சொன்னார். "நான் டிக்கெட் வாங்கி உள்ளே வந்து பை பாக்குறேன். உங்க வீட்டம்மா வீட்லயே இருந்து பாக்குறாங்க. அவ்ளோதான் வித்யாச." சிரித்தார். சிரித்துவிட்டு மகனைத் தன் மடியில் வாங்கிக்கொண்டு, மகளோடு ஏறிவிட்டு வாருங்கள் என்று ராட்டினத்தைக் காட்டினார்.

ஏறினோம். கீழே அந்த அம்மாவின் மடியில் மகன் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது மேலே இருந்து தெரிந்தது. எங்கள் தொட்டி உச்சிக்குப் போய் நின்றது. மகள் கத்துவாள் என்று கையைப் பிடித்தேன். அவள் கத்தவில்லை. நம்ம வீடு எந்தப் பக்கம் என்று கேட்டாள். தோராயமாக ஒரு பக்கம் காட்டினேன். தொட்டி இறங்கத் தொடங்கும் வரைக்கும் அந்தப் பக்கம் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

கீழே இறங்கிய பிறகு, பைகளைப் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் ஒரு தடவை ஏறுங்கள் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். பயமாக இருக்கிறது என்று முதலில் மறுத்தார். மகள் கையைப் பிடித்து இழுத்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனார். இருவரும் ஏறி இறங்கினார்கள். வந்து பெஞ்சில் உட்கார்ந்த பிறகும் வெகுநேரம் அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது. எனக்கு நினைப்பெல்லாம் மூக்கண்டப்பள்ளியிலேயே இருந்தது.

பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டோம். தொடாமல் திரும்பி வந்த புளிசாதத்தை நாலு பேருமாகச் சாப்பிட உட்கார்ந்தோம். மனைவி சாப்பிடாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள். எது எவ்வளவு பெரிசு, எவ்வளவு வேகம், தண்ணீர் மேலே தெறிக்குமா என்று. கடைசியாக, "மேல போய் இறங்கும்போது வயித்துல ஒரு மாதிரி இருக்குமாமே, நெஜமாவாங்க?" என்றாள்.

நீ ராட்டினத்தில் ஏறினதே இல்லையா என்று கேட்டேன். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துக் கேட்கிற கேள்வி.

"எங்கூர்த் திருவிழாவுக்கு வருசா வருசம் வரும். தம்பி தங்கச்சிங்க ஏறுவாங்க. செருப்பைப் பாத்துக்க ஓராளு வேணும் இல்லீங்களா."

நான் எழுந்து போய்ப் பிள்ளைகளின் பாஸ்போர்ட் இருந்த ஃபைலை எடுத்தேன். அவளுக்கு விண்ணப்பிக்க என்னென்ன வேண்டும் என்று பார்க்கத்தான். விசாவுக்கு எடுத்த போட்டோ கவர்கள் அதில் இருந்தன. மகளுக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. அடியில் நாலாவதாக ஒன்று. கல்யாண நாளுக்கு எடுத்த மஞ்சள் புடவையில், வெள்ளைப் பின்னணியில், காது தெரியத் தலை வாரி, விசாவுக்குக் கேட்கிற அளவில் என் மனைவி. சார்ட்டில் நான் 3 என்று எழுதிய பிறகு, பிள்ளைகளைப் போட்டோ எடுக்கக் கூட்டிப் போனது அவள்தான்.

கேட்டதற்கு, "போட்டோக்காரர் சும்மா எடுத்துக் குடுத்தாருங்க" என்று ஹாட் பாக்ஸைக் கழுவப் போய்விட்டாள். போட்டோவை யாராவது அந்த அளவில் சும்மா எடுப்பார்களா.

நாங்கள் இன்னும் சிங்கப்பூர் போகவில்லை. அவளுடைய பாஸ்போர்ட் வருவதற்குள் மகனுக்கு நாலு முடிந்துவிட்டது. கம்பெனி மூடுகிற வாரமும் வந்து போய்விட்டது. மகள் கதவு நிலையில் இருக்கிற கோட்டைத் தாண்டி வளர்ந்துவிட்டாள். சார்ட்டில் 3 என்பதை அடித்து, தடித்த பேனாவால் 4 என்று எழுதி வைத்திருக்கிறேன். மனைவி தன் பாஸ்போர்ட்டைப் பீரோவில் புடவைகளுக்கு நடுவில் வைத்திருக்கிறாள். சில நாள் மத்தியானம் அதை எடுத்து, ஒன்றும் இல்லாத அந்த வெள்ளைப் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பாள். நான் பார்ப்பது தெரிந்தால் மூடி வைத்துவிடுவாள். போக வேண்டும். எனக்கு இப்போது போட்டோவில் பார்த்த அந்தக் கோட்டையைப் பார்க்கிற ஆசை போய்விட்டது. உச்சியில் இருந்து இறங்கும்போது அவள் முகம் எப்படி மாறும் என்று பார்க்கிற ஆசைதான் இருக்கிறது.

லைனில் நாலாவது ஆளாக இருந்த அந்தப் பாகலூர்க்காரரின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவர எத்தனையோ தடவை முயன்றிருக்கிறேன், வரவில்லை. இன்றைக்கும் மீட்டிங்கில் யாராவது இந்த இடத்துக்கு ஆள் தேவையா என்று கேட்டால், பேனாவை எடுப்பதற்கு முன்னால் என் மகள் ராட்டினத்தின் உச்சியில் இருந்து வீட்டுப் பக்கம் பார்த்துக் கையாட்டியதுதான் எனக்கு நினைவுக்கு வருகிறது.