வினிபிரட் திறந்துவிட்ட நாற்பது அறைகள்

பவளக்குடா ஹோட்டலில் நாற்பது அறைகள். நாற்பதின் சாவியும் வினிபிரட்டிடம்தான். மட்டக்களப்பு நகரத்தில் போர்த்துக்கேய வழிவந்த பறங்கிக் குடும்பமொன்றில் பிறந்து, தையல் பழகி, ஹோட்டல் திறந்த எழுபத்துநாலாம் ஆண்டிலேயே படுக்கை விரிப்புகளுக்குப் பொறுப்பாக அங்கே போனவள். பத்து வருடத்துக்குள் அறைகள் முழுவதும் அவள் கைக்கு வந்துவிட்டன. கலியாணம் கட்டவில்லை. கேட்டால், "நாப்பது வீட்டைப் பாக்கிறவளுக்கு நாப்பத்தோராவது வீடு என்னத்துக்கு?" என்று சிரிப்பாள்.

கல்குடாப் பக்கம் அதற்குமுன் அப்படியொரு கட்டடம் எழுந்ததில்லை. கொழும்பிலிருந்து வந்த கட்டடக் கலைஞர் ஒரு தென்னையைக்கூடத் தறிக்க விடவில்லை. மரத்துக்கு மரம் விலகிச் சுவர் வைத்ததில் கட்டடமே குடாவைப்போல வளைந்துவிட்டது. எந்தக் கட்டிலில் படுத்தாலும் கடல் தெரியும். சாப்பாட்டு மண்டபத்துக்குச் சுவரே கிடையாது. கருங்கல் தூண்களும் ஓட்டுக் கூரையும்தான். அந்தக் கூரையை ஊடறுத்துக்கொண்டு ஒரு தென்னை நிற்கும். ஜெர்மன்காரர்கள் வந்தால் முதலில் அதைத்தான் படம் பிடிப்பார்கள். நடுமுற்றத்துக்கு அடியில் ஒரு பெரிய தொட்டி இருந்தது. மாரியில் கூரைகளில் விழுகிற மழையெல்லாம் பீலிவழியே அதற்குள் இறங்கும்.

எண்பத்துமூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரர் வரவு குறைந்துகொண்டே போனது. தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் சண்டை மறுபடி மூண்டபோது விருந்தாளி என்று ஒருவரும் இல்லை. மனேஜரும் கொழும்புக்குப் புறப்பட்டுவிட்டார். "ஆரையும் உள்ளே விடக்கூடாது. முதலாளியின் கட்டளை" என்றுவிட்டுத்தான் காரில் ஏறினார். மிஞ்சியது வினிபிரட்டும் காவலாளி கோணாமலையும்.

மூன்றாம் நாள் காலை கேற்றுக்கு முன்னால் சனம் திரண்டு நின்றது. பாயும் பானையும் குழந்தைகளுமாக நூறு பேருக்குக் குறையாது. முன்னால் நின்றவள் சீதேவி. ஹோட்டல் சமையலறைக்கு மீன் கொண்டு வருகிறவள்; நிறைமாதம்.

"வினியக்கா, ஊருக்குள்ள ஷெல் விழுகுது. புள்ளையள மட்டுமாவது உள்ள எடுங்க."

கோணாமலை தயங்கினான். "விட்டா நம்மட வேல போயிரும் அக்கா."

"போறதுக்கு வேல எங்க இரிக்கு? கேற்றத் திற."

அறைக்கு இரண்டு குடும்பம், மூன்று குடும்பம் என்று அவளே இடம் பிரித்துக் கொடுத்தாள். சுவரில்லாத மண்டபத்தில் அடுப்பு மூட்டச் சொன்னாள். அறைக்குள் மட்டும் யாரும் சமைக்கக் கூடாது. மின்சாரம் நின்றதால் பம்பு ஓடவில்லை. குழாயில் சொட்டுத் தண்ணீரில்லை. முற்றத்துத் தொட்டியின் கல்மூடியை நாலு பேர் சேர்ந்து கிளப்பினார்கள். கடந்த மாரியின் தண்ணீர் உள்ளே இடுப்பளவு கிடந்தது. வீட்டுக்கு ஒரு வாளி என்று பக்கத்தில் நின்று அளந்து கொடுத்தாள். "இன்னொரு வாளி" என்றவர்களோடு சண்டையும் பிடித்தாள்.

பதினேழாம் அறையில் சீதேவிக்குப் பெண் பிள்ளை பிறந்தது. இறக்குமதி விரிப்பு இரண்டைக் கிழித்துத்தான் பிள்ளையைச் சுற்றினார்கள். கிழிக்கும்போது வினிபிரட்டுக்குக் கை கூசியது உண்மை.

பத்தொன்பதாம் நாள் சீருடைக்காரர் வந்து, கட்டடம் தங்களுக்கு வேண்டும், பொழுது சாய்வதற்குள் காலி செய்யுங்கள் என்றார்கள். சனம் அகதி முகாமுக்கு நடந்தது. வினிபிரட் சாவிக் கொத்தை அவர்கள் மேசையில் வைத்துவிட்டு நகரத்துக்கு வந்தாள். அதன்பிறகு பதின்மூன்று வருடம் தையல் மெஷினோடு போனது.

சமாதானம் என்று வீதிகள் திறந்திருந்த இரண்டாயிரத்து மூன்றில் முதலாளியின் மருமகன் வான் வண்டியில் வந்து அவளைக் கூட்டிப்போனான். சீருடைக்காரர் எப்போதோ போய்விட்டிருந்தார்கள். கூரை இல்லை. கதவு, ஜன்னல், குளியலறைத் தொட்டி, ஒன்றுமில்லை. தூண்களுக்கிடையில் ஆடு மேய்ந்தது. வினிபிரட் முற்றத்தின் விளிம்பில் குந்திவிட்டாள்.

"சாமானெல்லாம் ஊர் வீடுகளிலதான் இருக்காம். நீங்க அடையாளம் காட்டுங்க, நான் பொலிஸில சொல்லுறன்" என்றான் மருமகன்.

முதல் வீடே சீதேவியுடையது. தகரக் கூரை, கல் அடுக்கிய சுவர். வாசலில் மட்டும் ஒரு தடித்த முதிரை மரக் கதவு. பித்தளை இலக்கம் கழன்ற இடத்தில் பதினேழு வெளிறித் தெரிந்தது. வினிபிரட் பதினாறு வருடம் தன் கையால் துடைத்த கதவு. பக்கத்தில் சீதேவி நின்றாள்.

"இது நம்மட கதவுதானே?"

வினிபிரட் கதவைத் தட்டிப் பார்த்தாள். "இல்ல தம்பி. ஹோட்டல் கதவெல்லாம் தேக்கு. இது முதிரை."

தேக்குக்கும் முதிரைக்கும் வித்தியாசம் அவனுக்கு எங்கே தெரியும்? அடுத்த நாலு வீட்டிலும் அதையேதான் சொன்னாள். சலித்துப்போய் அவன் வானைக் கொழும்புக்குத் திருப்பினான். பஸ்ஸில் போகிறேன் என்று அவள் பின்தங்கிக்கொண்டாள்.

"மழைக்கு மறைப்பில்லாமத்தான் எடுத்தம் அக்கா. கோவமா?" என்றாள் சீதேவி.

"கோவந்தான். இப்பிடி வெடிக்க விட்டு வெச்சிரிக்கியே! கொஞ்சம் எண்ணெயும் பழந்துணியும் கொண்டா."

பஸ் வரும்வரை இருவரும் அந்தக் கதவுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.